ஃபெயில்2பேன்: ஓடுகிறது என்பது வேறு, வேலை செய்கிறது என்பது வேறு

பொது இணையத்தில் ஒரு லினக்ஸ் சர்வரை ஏற்றி, தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் போர்ட்டைத் திறந்து வைத்தால், அதற்கு நாம் பெயர் வைத்து முடிப்பதற்குள் யாரோ கதவைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நிகழ்வுகள் பதிவாகும் லாக்கைத் திறந்து பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், உபுண்டு என்று அதே பழைய பயனர்பெயர்கள் வரிசையாக முயன்று பார்க்கப்பட்டிருக்கும். யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் முயற்சிகள் அல்ல இவை. இணையத்தின் முகவரிகளை எல்லாம் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்களின் வேலை. இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலான வழிகாட்டிகள் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து ஃபெயில்2பேன். டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் குடும்பம் என மூவகைச் சர்வர்களிலும் பல ஆண்டுகளாக இதை வைத்திருக்கிறேன், 1.0.2, 1.1.0 ஆகிய இரு பதிப்புகளோடும் நன்கு பழகியவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சிரில் ஜாக்கியே என்பவர் 2004இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டு, ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கிடைக்கிறது. இது செய்வது மிக எளிய வேலை. ஒரு சேவையின் லாக்கில் புதிய வரி விழுந்தவுடன் அதைத் தன்னிடம் உள்ள ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) கோவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தோல்வியுற்ற நுழைவு என்று பொருந்தினால் அந்த ஐபி முகவரியின் பெயரில் ஒரு கணக்கு வைக்கும். குறித்த நேரத்துக்குள் அந்தக் கணக்கு குறித்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால், ஃபயர்வாலில் ஒரு விதியைச் சேர்த்து அந்த முகவரியைச் சில காலத்துக்கு வெளியே நிறுத்தும். எந்த லாக்கைப் பார்ப்பது, எந்த ஃபில்டரை (ரெஜெக்ஸ் தொகுப்பை) பயன்படுத்துவது, எத்தனை தோல்விக்கு என்ன நடவடிக்கை எடுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டியதற்கு ஜெயில் என்று பெயர். இயல்பிருப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி நேர்ந்தால் 10 நிமிடத் தடை.

அந்தப் 10 நிமிடத் தடையால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. தட்டுகிற நிரலுக்குப் பொறுமை என்ற சிக்கலே கிடையாது. தடை நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 0.11ஆம் பதிப்பில் வந்த வசதி இங்கே கைகொடுக்கிறது: ஒரே முகவரி மீண்டும் மீண்டும் பிடிபட்டால் தடைக்காலம் ஒவ்வொரு முறையும் தானாக நீண்டுகொண்டே போகும். பான்டைம்.இன்கிரிமென்ட் என்ற அமைப்பை இயக்கினால் போதும். இதை ஏன் இயல்பிருப்பிலேயே இயக்கி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத புதிர்.

நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரே கட்டளையில் வந்து இறங்கி, எஸ்எஸ்எச் ஜெயிலை இயக்கியும் கொடுத்துவிடுகிறது. ரெட் ஹேட் குடும்பத்தில் ஈபெல் என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும். அங்கே ஒரு ஜெயிலும் இயக்கப்பட்டிருக்காது. சேவையைத் தொடங்கியதும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பச்சை நிறத்தில் இயங்குகிறது என்று காட்டும், நாமும் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் ஃபெயில்2பேனிடமே நிலையைக் கேட்டால் ஜெயில்களின் எண்ணிக்கை 0 என்று சொல்லும். காவலாளியை வேலைக்கு அமர்த்தி, எந்த வாசலையும் காட்டாமல் விட்டது போன்ற நிலை இது. இந்த மென்பொருளைப் பற்றிய என் முக்கியமான மனக்குறையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்: கண் தெரியாமல் போனாலும் இது அதை நம்மிடம் சொல்வதில்லை.

அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2023இல் வெளிவந்த டெபியன் 12இல், லாக்கைக் கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. லாக் எல்லாம் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பதிவேட்டுக்குள் போய்விடும். புதிதாக நிறுவிய சர்வரில், நுழைவுகள் பதிவாகும் ஆத்.லாக் என்ற கோப்பே இருக்காது என்பதால், எஸ்எஸ்எச் ஜெயிலுக்கு லாக் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி ஃபெயில்2பேன் தொடங்க மறுத்துவிடும். பலர் இதைத் திட்டினார்கள். என் அனுபவமோ இதற்கு நேர் எதிரானது. நான் டெபியன் 11இலிருந்து 12க்கு மேம்படுத்திய ஒரு சர்வரில், இனி ஜர்னலே போதும் என்று ஆர்சிஸ்லாக்கை நானே நீக்கினேன். பழைய ஆத்.லாக் கோப்பு மட்டும் அதே இடத்தில் கிடந்தது. ஃபெயில்2பேன் அந்தக் கோப்பைத் திறந்து, அதில் வரி விழும் என்று காத்துக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்எச் ஜெயிலின் நிலையைக் கேட்டபோது தற்போதைய தோல்வி 0, மொத்தத் தோல்வி 0, தடைசெய்யப்பட்ட முகவரி 0 என்று வந்தது. அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தாக்குபவர்கள் இந்த முகவரியைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து வேறொரு காரணத்துக்காக ஜர்னலில் எஸ்எஸ்எச் பகுதியைப் புரட்டியபோதுதான், தோல்வியுற்ற நுழைவுகள் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

தீர்வு இரண்டே படிகளில் முடிந்துவிட்டது. பைத்தானுக்கான சிஸ்டம்டி நூலகப் பொதியை நிறுவி, நம் சொந்த அமைப்புகளுக்கான ஜெயில்.லோக்கல் கோப்பில், லாக்கை எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்எண்ட் என்ற இடத்தில் சிஸ்டம்டி என்று எழுதினேன். மறுதொடக்கம் செய்தபின் நிலையைக் கேட்டால், முன்பு கோப்புகளின் பட்டியல் இருந்த வரியில் இப்போது ஜர்னல் பொருத்தங்கள் என்று வந்தது. சிறிது நேரத்தில் தடைப்பட்டியலும் நிறையத் தொடங்கியது. அந்த ஒரு வரியைத்தான் இப்போது எந்தச் சர்வரிலும் முதலில் பார்க்கிறேன். பூஜ்யம் என்ற எண் பொது இணையத்தில் உள்ள சர்வருக்கு இயற்கையானது அல்ல. அதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓராண்டுக்குப் பின் இதே நோய் வேறு உருவத்தில் வந்தது. 2024 ஜூலை 1 அன்று வெளியான ஓபன்எஸ்எஸ்எச் 9.8இல், எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் எஸ்எஸ்எச்டி நிரல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: இணைப்பை ஏற்பது ஒன்று, ஒவ்வொரு அமர்வையும் கவனிப்பது எஸ்எஸ்எச்டி-செஷன் என்ற மற்றொன்று. பாதுகாப்பு நோக்கில் இது நல்ல மாற்றம். ஆனால் அன்றுமுதல் கடவுச்சொல் தவறு என்ற லாக் வரிகள் புதிய பெயரில் விழத் தொடங்கின. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த ஃபெயில்2பேன் 1.1.0இன் ஃபில்டரோ எஸ்எஸ்எச்டி என்ற பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. வரி இருக்கிறது, வாசிக்கவும் முடிகிறது, ஆனால் எதுவும் பொருந்தவில்லை. ஃபில்டரில் அந்தப் பெயர் வரும் இடத்தில் செஷன் என்ற பின்னொட்டையும் ஏற்கும்படி ஒரு சிறு திருத்தம் செய்தால் சரியாகிவிடும். உங்கள் வழங்கலின் பொதியில் அந்தத் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்று ஃபில்டர் கோப்பையே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இவற்றோடு ஒப்பிட்டால் உபுண்டு 24.04 வெளியானபோது நேர்ந்தது எனக்கு உண்மையில் பிடித்த கோளாறு. பைத்தான் 3.12இலிருந்து அசிங்க்சேட், அசிங்கோர் என்ற இரு பழைய தொகுதிகள் நீக்கப்பட்டன. அவற்றை நம்பியிருந்த 1.0.2 பதிப்பு, தொகுதி கிடைக்கவில்லை என்று கூவிவிட்டுக் கீழே விழுந்தது. சேவை சிவப்பில் நின்றது, கண்காணிப்பு நிரல் மின்னஞ்சல் அனுப்பியது, திருத்தப்பட்ட பொதி வந்ததும் சரியானது. விழுவதாக இருந்தால் இப்படிச் சத்தம் போட்டு விழ வேண்டும்.

லாக் சரியாகப் படிக்கப்பட்டு, தடையும் விதிக்கப்பட்டு, அந்தத் தடை யாரையும் தடுக்காமல் போவது இன்னொரு வகை. இதற்கு ஒரு தெளிவான அறிகுறி உண்டு: ஃபெயில்2பேனின் சொந்த லாக்கில், குறிப்பிட்ட முகவரி ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருக்கிறது என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். தடைசெய்யப்பட்டவர் எப்படி மீண்டும் லாக்கில் தோன்ற முடியும்? ஃபயர்வால் விதி அவர் வரும் வழியில் இல்லை என்பதே இதன் பொருள். எஸ்எஸ்எச்சை 22இலிருந்து வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டு ஜெயிலில் போர்ட் எண்ணை மாற்ற மறந்தவர்களுக்கு இது நேரும். யாரும் பயன்படுத்தாத 22க்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஃபெயில்2பேன் கடமை முடிந்தது என்று இருந்துவிடும்.

செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இது இன்னும் சிக்கலாகிறது. கண்டெய்னரின் போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், அதற்கு வரும் தரவுப் பொட்டலங்கள் முகவரி மாற்றம் செய்யப்பட்டு, ஃபயர்வாலின் ஃபார்வர்ட் சங்கிலி (விதிகளின் வரிசை) வழியாகக் கண்டெய்னருக்குள் போய்விடும். ஃபெயில்2பேன் வழக்கமாக விதி எழுதும் இன்புட் சங்கிலியை அவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் விதி விழும்படி ஜெயிலில் குறிப்பிட வேண்டும். அதைச் செய்த பிறகும் தடை வேலை செய்யவில்லை என்று நான் ஒரு மாலை முழுவதும் திணறியிருக்கிறேன். பொட்டலம் அந்தச் சங்கிலிக்கு வரும்போது முகவரி மாற்றம் முடிந்திருப்பதால், அதன் மேல் இருப்பது வெளியே நாம் திறந்த போர்ட் எண் அல்ல, கண்டெய்னருக்குள் இருக்கும் எண். 8080ஐ வெளியே திறந்து உள்ளே 80க்கு இணைத்திருந்தால் விதியில் 80 இருக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், எல்லாப் போர்ட்டையும் அடைக்கும் நடவடிக்கையைத் தேர்ந்தெடுத்துவிடலாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

வருகையாளருக்கும் வலைச் சர்வருக்கும் இடையில் நிற்கும் ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் வலைத்தளங்களில் ஆபத்து தலைகீழாக இருக்கிறது. பின்னால் உள்ள வலைச் சர்வரின் லாக்கில் எல்லா வருகையாளரும் பிராக்ஸியின் முகவரியிலிருந்து வருவதாகவே பதிவாகும். யாரோ ஒருவர் ஐந்து முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால், ஃபெயில்2பேன் பிராக்ஸியைத் தடைசெய்து தளத்தையே எல்லோருக்கும் மூடிவிடும். உண்மையான முகவரியை லாக்கில் பதியும்படி என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி வலைச் சர்வரில் உரிய தொகுதியை முதலில் அமைத்துவிட்டுத்தான் ஜெயிலைத் தொட வேண்டும். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைக்குப் பின்னால் இருந்தால் அதுவும் போதாது, ஏனெனில் நம் ஃபயர்வாலுக்கு வரும் பொட்டலங்கள் அவர்களுடைய முகவரியிலிருந்தே வருகின்றன. தடையை அவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டும். அதற்கான நடவடிக்கைக் கோப்பு ஃபெயில்2பேனோடு சேர்ந்தே வருகிறது என்பதைப் பாராட்டாகக் குறித்துக்கொள்கிறேன்.

பாராட்ட வேண்டியவற்றில் முதலிடம் ஃபெயில்2பேன்-ரெஜெக்ஸ் என்ற துணைக் கருவிக்கு. லாக் கோப்பையும் ஃபில்டரையும் கொடுத்தால், மொத்தம் 412 வரி, பொருந்தியவை 37, பொருந்தாதவை 375 என்பதுபோல் கணக்குச் சொல்லும். பொருந்தாத வரிகளையும் கேட்டால் அச்சிட்டுக் காட்டும். மேலே சொன்ன மௌனக் கோளாறுகளில் ஃபில்டர் தொடர்பானவை அனைத்தையும் இந்த ஒரு கருவியால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சொந்தமாக ஃபில்டர் எழுதுவோருக்கு இது இன்றியமையாதது.

சொந்த ஃபில்டர் எழுதுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. லாக்கில் விழும் வரியின் ஒரு பகுதியை எழுதுபவர் தாக்குபவரே என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பயனர்பெயர் கேட்கும் இடத்தில் அவர் எதை வேண்டுமானாலும் தட்டலாம்; வேறொருவரின் ஐபி முகவரியோடு கூடிய ஒரு போலி வாக்கியத்தையும் தட்டலாம். ரெஜெக்ஸ் வரியின் தொடக்கத்தையும் முடிவையும் இறுகப் பிடித்திருக்காவிட்டால், ஃபெயில்2பேன் அந்த அப்பாவி முகவரியைத் தடைசெய்துவிடும். இதே அலட்சியம் ஃபெயில்2பேனுக்குள்ளேயே ஒருமுறை வெளிப்பட்டது: 2021இல் சிவிஇ-2021-32749 என்று பதிவான பாதுகாப்புக் குறையில், தடைச் செய்தியோடு ஹூஇஸ் விவரத்தை (முகவரி யாருடையது என்ற பதிவை) மின்னஞ்சலில் அனுப்பும் நடவடிக்கையின் வழியாக, மெயில்யூட்டில்ஸ் என்ற மின்னஞ்சல் நிரல் அலைக்குறியோடு (~) தொடங்கும் வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. திருத்தம் உடனே வந்துவிட்டது. எனினும் அன்றுமுதல் ஹூஇஸ் மின்னஞ்சலை எங்கும் இயக்குவதில்லை. நாளொன்றுக்கு நூறு வரும் அந்த மின்னஞ்சல்களை யாரும் படிப்பதும் இல்லை.

தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொள்ளாத நிர்வாகி யாரும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கோப்பு நகலெடுக்கும் நிரலில் பழைய கடவுச்சொல் சேமித்திருந்தால், அது நமக்குத் தெரியாமலேயே ஐந்து முறை முயன்று நம் அலுவலக முகவரியையே தடைக்குள் தள்ளிவிடும். அப்போது சர்வரை மறுதொடக்கம் செய்தால் விடுதலை கிடைக்கும் என்று எண்ணிப் பலர் அதைச் செய்கிறார்கள். கிடைக்காது, ஏனெனில் தடைப்பட்டியல் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டு, சேவை மீண்டும் எழும்போது அப்படியே ஃபயர்வாலில் ஏற்றப்படுகிறது. சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் வலைக் கன்சோல் வழியாக நுழைந்து, தடைநீக்கும் கட்டளையைக் கொடுப்பதே வழி. நிலையான முகவரி உள்ளவர்கள் அதை விலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்கு இது தகுதியானதா என்று கேட்டால், எந்தச் சேவைக்காக என்று திருப்பிக் கேட்பேன். எஸ்எஸ்எச்சைப் பொறுத்தவரை, கடவுச்சொல் நுழைவை அடியோடு நிறுத்திவிட்டுக் குறியாக்கச் சாவி மட்டுமே செல்லும் என்று அமைத்தால், யூகித்துப் பார்க்கும் நிரல்கள் காலம் முழுவதும் முயன்றாலும் உள்ளே வர முடியாது. அங்கே ஃபெயில்2பேன் லாக்கின் இரைச்சலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மேலும் ஓபன்எஸ்எஸ்எச் 9.8இலேயே, தொல்லை தரும் முகவரிகளைச் சில தோல்விகளுக்குப் பின் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும் வசதி உள்ளே சேர்க்கப்பட்டு, இயல்பிருப்பிலேயே இயங்குகிறது. எனவே எஸ்எஸ்எச் ஒன்றுக்காக மட்டும் இதை நிறுவுவதாக இருந்தால், அந்த உழைப்பைச் சாவி அமைப்பதில் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

மின்னஞ்சல் சர்வரில் நிலைமை வேறு. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகிய மின்னஞ்சல் நிரல்களில் பயனர்கள் கடவுச்சொல்லோடுதான் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவரேனும் எளிதில் யூகிக்கக்கூடிய கடவுச்சொல்லை வைத்திருப்பார். அந்த ஒரு கணக்கு பறிபோனால் நம் சர்வர் ஒரே இரவில் குப்பை அஞ்சல் அனுப்பும் இடமாகிவிடும். இவற்றுக்கான ஃபில்டர்கள் ஃபெயில்2பேனில் ஆயத்தமாக இருக்கின்றன, நம்பகமாகவும் இருக்கின்றன. என் சர்வர்களில் இது உண்மையாக உழைத்துச் சம்பளம் வாங்குவது இங்கேதான். ஒரு முகவரிக்கு ஒரே முயற்சி என்று ஆயிரம் முகவரிகளிலிருந்து பரவலாக வரும் தாக்குதலை மட்டும் இதனால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாக எண்ணும் எந்தக் கருவியாலும் முடியாது.

அந்த இடத்தில் கிரவுட்செக் என்ற மாற்றுக் கருவி முன்னே நிற்கிறது. ஒரு சர்வரில் பிடிபட்ட முகவரியை மற்ற சர்வர்களும் அறிந்துகொள்ளும்படி பொதுப்பட்டியல் வைத்திருப்பது அதன் பலம்; நம் சர்வரிலிருந்து தகவல் வெளியே போகிறது என்பது சிலருக்கு உறுத்தலாம். எஸ்எஸ்எச்கார்ட் என்ற இன்னொரு கருவி சி மொழியில் எழுதப்பட்டு மிக இலகுவாக இருக்கிறது, ஆனால் சொந்த லாக்குகளுக்கு ஃபில்டர் எழுதும் சுதந்திரம் அதில் குறைவு. விசித்திரமான ஒரு செயலியின் லாக்கைக் கொடுத்து இதைக் கவனி என்று சொல்ல வேண்டுமானால், ஃபெயில்2பேனுக்கு இணையாக நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை. தடை எண்ணிக்கை பல ஆயிரத்தைத் தாண்டும் சர்வர்களில் மட்டும், வரிசையாக விதி அடுக்கும் பழைய ஐபிடேபிள்ஸ் நடவடிக்கையை விட்டு, தொகுப்பாக வைக்கும் என்எஃப்டேபிள்ஸ் நடவடிக்கைக்கு மாறிவிட வேண்டும்.

இயக்க முறைமையை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு சிறு சோதனை செய்கிறேன். கைபேசி இணைப்பின் வழியாக, இல்லாத ஒரு பயனர்பெயரில் வேண்டுமென்றே நுழைய முயன்று, மறுபுறம் ஃபெயில்2பேன் லாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விலக்குப் பட்டியலில் உள்ள முகவரியிலிருந்து சோதித்தால் புறக்கணிக்கப்பட்டது என்று மட்டுமே வரும் என்பதால் கைபேசி இணைப்பு. இதோடு, ஜர்னலில் உள்ள தோல்விகளின் எண்ணிக்கையையும் ஜெயில் கணக்கிட்ட எண்ணிக்கையையும் நாள்தோறும் ஒப்பிட்டு, முன்னது நூறைத் தாண்டியும் பின்னது பூஜ்யமாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்பும் பன்னிரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றையும், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டு வைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச்டி-செஷன் மாற்றத்தை எனக்கு முதலில் சொன்னது ஃபெயில்2பேன் அல்ல, அந்தப் பன்னிரண்டு வரிதான்.